வயிறு நிறைந்த வல்லூறு

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் ஓர் இறைச்சிக் கடையில். எனக்கு முன்னால் நின்ற பெண், "தம்பி, இறகு பிடுங்காத காடை இருக்கோ?" என்று கேட்டாள்.

"கறிக்கோ அன்ரி?"

"இல்லையடா, பிள்ளைக்கு."

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டியது. அந்தப் பிள்ளை ஒரு பூனையாகவும் இருக்கலாம். பூனைக் கதை எழுத எனக்கு விருப்பமில்லை.

2.

முதல் தொடக்கம்: 'விண்ணை அளக்கும் சிறகுகளின் விடியலில்...' [வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.]

இரண்டாவது: சந்திரகலாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வெஸ்ட்மீட்டில் ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை. காயம்பட்ட வேட்டைப் பறவைகளைத் தேற்றும் இடமொன்றில், கூடு கழுவத்தான் சனிக்கிழமைகளில் போனாள். அங்கே மருத்துவராக இருந்த கோயம்புத்தூர்க்காரி ஹரிப்பிரியா, ஆள் போதாமல், அவள் கையில் தோல் கையுறையை மாட்டிவிட்டாள். [பிழைத்தது. தொடரலாம்.]

வல்லூறை வைத்து வேட்டையாட இங்கே விடமாட்டார்கள். பறவையைக் கைக்கு வரப் பழக்கும் அந்தப் பழைய வித்தை, நோயாளிப் பறவைக்கு உடற்பயிற்சியாக மட்டும் உதவுகிறது. (சட்டத்தில் எனக்கு இவ்வளவுதான் தெரியும். அறிந்தவர்கள் திட்டலாம்.)

சந்திரகலாவின் கைக்கு வந்தது, கண்ணாடிச் சுவரில் மோதிச் சிறகொடிந்த ஒரு வல்லூறு. இதுவரை நீளக் கயிற்றில் கட்டித்தான் பறக்கவிட்டார்கள். இந்தச் சனிக்கிழமை கயிறு கிடையாது. திரும்பி வராவிட்டால், பலமில்லாத சிறகோடு இரை பிடிக்க முடியாமல் செத்துப்போகும்.

"பசியோட இருந்தாத்தான் கைக்கு வரும் ஆன்ட்டி. காலையில ஒண்ணும் குடுத்துடாதீங்க" என்று சொல்லியிருந்தாள் ஹரிப்பிரியா.

3.

[இங்கே என் சந்திரகலாமேல் எனக்குச் சந்தேகம் வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றுமுன்பே "சாப்பிட்டியளோ?" என்று கேட்கிறவள். கொடுக்காமல் இருப்பாளா? கொடுக்காதவளாக எழுதிப் பார்த்தேன். அது யாரோ வேறு பெண்ணாக இருந்தது.]

ஆகவே கொடுத்தாள். அரைக் காடை. "பறக்கப்போற பிள்ளை. வெறும் வயித்தோட எப்பிடி அனுப்புறது?"

4.

வல்லூறு எழுந்தது. புல்வெளியைத் தாண்டி உயரமான யூக்கலிப்டஸ் மரத்தில் போய் உட்கார்ந்தது. சந்திரகலா கையை உயர்த்தி விசிலடித்தாள். அது சாவகாசமாக இறகைக் கோதிக்கொண்டது.

"பசியிருக்கான்னு எடை பாத்தீங்கல்ல ஆன்ட்டி?"

"பாத்தனான். பிறகு... கொஞ்சம் குடுத்தனான் பிள்ளை."

ஹரிப்பிரியாவின் முகம் வெளிறியது. "அப்ப அதை நீங்களே—" [இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கும் வரவில்லை.]

மதியமானது. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். "வாங்க ஆன்ட்டி, நிழலுக்காவது வாங்க."

"நான் வரேல்ல. ஊட்டினது நான். அது செமிக்குமட்டும் நிக்கிறதும் நான்தான்."

 உயர்த்திய கையை அவள் இறக்கவில்லை.

5.

இதுவரை படித்த என் நண்பர் சடகோபன், "பறவை வரக் கூடாது. வராவிட்டால்தான் இலக்கியம்" என்றார். அப்படியும் எழுதினேன்: 'பொழுது சாய்ந்தது. வெறுங்கையுறையோடு அவள்...' அடித்துவிட்டேன். கை மரத்துப்போக நிற்பவளை ஏமாற்றிக் கிடைக்கும் இலக்கியம் எனக்கெதற்கு?

பசி வந்திடப் பத்தும் பறந்துபோம் என்பார்கள். சாயங்காலம் பசி வந்தது. ஒன்று பறந்து வந்தது.

கல்லைப்போல் மரத்திலிருந்து விழுந்து, புல்லை உரசி, கடைசி நொடியில் மேலெழும்பி, படாரென்று கையுறையில் உட்கார்ந்தது.

"வந்திட்டான்! ஹரிப்பிரியா, என்ர பிள்ளை வந்திட்டான்!"

ஓடிவந்த ஹரிப்பிரியா அழுதாள், சிரித்தாள், கடைசியில் திட்டினாள். "இனிமே நீங்க சாப்பிட்டு வாங்க ஆன்ட்டி. அதுக்குக் குடுக்காதீங்க!"

"ஓம், ஓம்" என்றாள் சந்திரகலா. அந்தப் புல்வெளியில் அவளைவிடப் பெரிய ராணி அன்று யாருமில்லை.

6.

சிறகு முழுதும் தேறியதும் அதைக் காட்டுக்கே விட்டுவிட வேண்டும். அந்தக் காலையை எழுத எனக்குக் கை வரவில்லை. நீங்கள்தான் விட வேண்டும். இந்தாருங்கள், கையுறையை மாட்டுங்கள். கனக்கும். நகம் அழுந்தும். பயப்படாதீர்கள். காற்றை எதிர்த்து நின்று கையை உயர்த்துங்கள்.

போனபின் கையை இறக்குவதா, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பதா என்பது உங்கள் இஷ்டம்.