கத்தி முதுகில் தெரிந்த கை

பெட்டியில் பன்னிரண்டு கத்தி இருக்க வேண்டும். பதின்மூன்று இருந்தது.

ஹூகோ சமையலறை மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, சவரக்கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மறுபடி எண்ணினான். பதின்மூன்றுதான். திங்கட்கிழமைதோறும் வியாபாரி நோல்டன் அனுப்புகிற பெட்டி அது. ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன சோலிங்கன் ஊர் வீடுகளின் பரணிலும் நிலவறையிலும் கிடக்கும் பழைய மடக்குக் கத்திகளை வாங்கி, துருவெடுத்து, தீட்டக் கொடுப்பார். தீட்டினதை வெளிநாட்டுக்காரர்களுக்கு விற்பார். தொழிற்சாலை ஹூகோவை வீட்டுக்கு அனுப்பி ஒன்பது வருஷம் ஆகிறது. அறுபத்தொரு வயதில் அவனுக்கென்று இருந்த ஒரே வேலை இந்தப் பெட்டிதான். போன வருஷம் வாரத்துக்கு நாற்பது கத்தி வந்தது. வசந்தத்தில் இருபது. இப்போது பன்னிரண்டு. ஏன் என்று கேட்டதற்கு, "பரணெல்லாம் காலியாகிட்டு வருது ஹூகோ" என்றார் நோல்டன். ஹூகோ நம்பவில்லை. இந்த ஊர்ப் பரண்கள் காலியாக இன்னும் நூறு வருஷம் ஆகும்.

கூடுதலாக இருந்த அந்தக் கத்தி தீட்ட வந்ததில்லை. தீட்டி முடித்தது. கை தவறி இந்தப் பெட்டிக்குள் வந்திருக்கிறது. ஹூகோ சட்டைக் கையை ஏற்றினான். முப்பது வருஷமாகக் கூர் பார்த்துப் பார்த்து அவனுடைய இடது முன்கை உரித்த கோழி மாதிரி இருக்கும். முழங்கைக்குப் பக்கத்தில் கொஞ்சம் மயிர் மிச்சம் இருந்தது. அங்கே வைத்தான். கத்தி தோலைத் தொடவே இல்லை, மயிர் உதிர்ந்தது. அவனுக்கு அது பிடிக்கவில்லை. அவன் கத்தி தோலைத் தொட்டால்தான் வேலை செய்யும்.

ஜன்னலுக்குக் கொண்டுபோனான். கல்லில் தீட்டும்போது கத்தியின் கூரும் முதுகும் ஒருசேரக் கல்லில் படியும். அதனால் முதுகும் தேயும். யார் எப்படி அழுத்துகிறார்கள் என்பது முதுகில் எழுதினது போல நின்றுவிடும். ஊரில் எல்லோருக்கும் பெயர் பொறித்த பக்கம்தான் முதுகு அதிகம் தேயும். இந்தக் கத்தியில் மறுபக்கம் தேய்ந்திருந்தது. பழுப்பேறிய இரும்பில் அந்தத் தேய்மானம் மட்டும் புதுசாக, பளிச்சென்று.

அப்படித் தீட்டுகிற கை ஊரில் ஒன்றுதான் உண்டு. அவன் அண்ணன் ஓய்கன்.

இளவயதில் தொழிற்சாலையில் இரும்பு அழுத்தும் இயந்திரம் ஓய்கனின் வலது கட்டைவிரலை நசுக்கிவிட்டது. விரல் மடங்காது, அதனால்தான் மாற்றி அழுத்துகிறான் என்று தொழிலில் சொல்வார்கள். அவன் தீட்டுவதை யாரும் பார்த்ததில்லை. அதில் அதிசயமும் இல்லை. இந்தத் தொழிலில் ஒருத்தன் முன்னால் இன்னொருத்தன் தீட்டமாட்டான். கதவைத் தட்டினால் கல்லின் மேல் துணி விழும். ஹூகோ தபால்காரருக்கே துணி போடுகிறவன்.

ஆனால் ஓய்கனுக்கு இரண்டு வருஷமாகக் கை நடுக்கம். வைத்தியர் சீட்டுக் கொடுத்து, அரசாங்க அலுவலகம் உதவிச் சம்பளம் கொடுக்கிறது. வேலை செய்யவே முடியாது என்று கையெழுத்துப் போட்டு வாங்குகிற சம்பளம்.

"என்ன, ஒரே கத்தியை இவ்வளவு நேரமா பார்க்கிற?" என்றாள் அவன் மனைவி கெர்டா. கறுப்பு ரொட்டியில் புகைபோட்ட தொத்திறைச்சியை அடுக்கி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது ஓய்கன் தீட்டினது."

"ஓய்கனால சூப்புக் கரண்டியையே பிடிக்க முடியல."

"ஊருக்கு அப்படிக் காட்டுறான்."

"உன் அண்ணன் நடிக்கிறானா? சின்ன வயசுல கிறிஸ்துமஸ் நாடகத்துல ஆடு வேஷம் குடுத்தாங்களாம், வசனத்தை மறந்துட்டு நின்னானாம். உங்க அம்மா சொல்லியிருக்காங்க."

"ஆட்டுக்கு ஏது வசனம்?"

"அதைத்தான் சொல்றேன்."

ஹூகோ சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவனுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஈஸ்டருக்குப் போனபோது ஓய்கன் வீட்டில் புதுத் திரைச்சீலை. பின்னறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது. நோல்டனின் சாம்பல் நிறக் காரை அந்தத் தெருமுனையில் இரண்டு தடவை பார்த்திருக்கிறான். அப்போது அது வேறு யாருடையதோ என்று விட்டுவிட்டான். இப்போது எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உதவிச் சம்பளமும் வாங்கிக்கொண்டு, தம்பியின் பெட்டியிலும் கை வைக்கிறான். கத்தியைத் தீட்டும்போதெல்லாம் இதே நினைப்பு. நினைப்போடு தீட்டினால் கை கனக்கும். அந்த வாரம் மூன்று கத்தி விளிம்பு உதிர்ந்தது. அதையும் ஓய்கன் கணக்கில்தான் சேர்த்தான்.

சனிக்கிழமை கெர்டா முடி திருத்தப் போனாள். ஹூகோ உட்கார்ந்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினான். நாலே வரி. இன்ன தெருவில் இன்னார் கை நடுங்குகிறது என்று சம்பளம் வாங்குகிறார், ஆனால் வீட்டில் சவரக்கத்தி தீட்டி வியாபாரிக்குக் கொடுக்கிறார், வந்து பாருங்கள். அண்ணன் என்று எழுதவில்லை. தன் பெயரையும் எழுதவில்லை. நாலு வரிக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. ஓய்கன் வீட்டில் காப்பி குடிக்கிற நாள். கெர்டாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. பஸ் நிறுத்தத்தில் மஞ்சள் தபால்பெட்டி இருந்தது. கடிதத்தைப் போட்டான். உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் அவனுக்கு நல்ல பசி எடுத்தது.

ஓய்கனின் மனைவி பவுலா சூடான வாஃபிள் சுட்டு, மேலே செர்ரிப் பழச் சாறு ஊற்றி வைத்தாள். பாலில் வெந்த சோறும் இருந்தது. ஓய்கன் இரண்டு கையாலும் கோப்பையைத் தூக்கினான். பாதிக் காப்பி தட்டில் விழுந்தது. ஹூகோ வைத்த கண் வாங்காமல் பார்த்தான். நடுக்கம் ஒரே சீராக இருக்கிறதே, நிஜ நடுக்கம் இப்படியா இருக்கும்? வாய்க்குக் கிட்டே வந்ததும் குறைகிறது பார்.

"என்ன சின்னவனே, எனக்குத் தாடி முளைச்ச மாதிரி பார்க்கிற?" என்றான் ஓய்கன்.

"ஒண்ணுமில்ல. கை எப்படி இருக்கு?"

"ரொம்ப சுறுசுறுப்பா இருக்கு. நான் தூங்கினாலும் அது தூங்கறதில்ல." ஓய்கன் சட்டைக் கையை மடித்துவிட்டான். இரண்டு முன்கையிலும் வெள்ளை மயிர் புசுபுசுவென்று அடர்ந்திருந்தது. தீட்டுகிறவன் கை அப்படி இருக்காது.

காலில் கூர் பார்க்கிறான், என்று நினைத்தான் ஹூகோ. கள்ளன். இந்த வயசில் காலைச் சிரைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"நோல்டன் பெட்டி எப்படி வருது?" என்று கேட்டான் ஓய்கன்.

"பன்னிரண்டு."

ஓய்கன் பவுலாவைப் பார்த்தான். பவுலா தட்டுகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பார்வையை ஹூகோ விடவில்லை. தட்டைக் கொடுக்கிற சாக்கில் அவனும் எழுந்து போனான். போகிற வழியில் பின்னறைக் கதவின் பிடியை அழுத்திப் பார்த்தான். பூட்டியிருந்தது.

சமையலறையில் பவுலா கம்பளிச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இடது முன்கையில் பூனை மயிர். வலது முன்கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மொழுமொழுவென்று இருந்தது. ஹூகோ தட்டைக் கீழே வைத்தான். தன் சட்டைக் கைக்குள் இருப்பதையே இன்னொருவர் உடம்பில் பார்க்கிற மாதிரி இருந்தது.

"எந்தக் கையில பிடிக்கிற?" என்று கேட்டான்.

பவுலா திரும்பினாள். அவன் எதைப் பார்க்கிறான் என்று பார்த்தாள். மறைக்கவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இடது கையில. பள்ளிக்கூடத்துல கட்டிப்போட்டு வலது கைக்கு மாத்தினாங்க. எழுத, சாப்பிட வலது. வேலைன்னு வந்தா இடதுதான் வருது."

"எத்தனை நாளா?"

"கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து. அந்த விரலை வச்சுக்கிட்டு அவன் தீட்டின பெட்டி அந்தக் குளிர்காலத்துல நாலு தடவை திரும்பி வந்துச்சு. அஞ்சாவதை நான் தீட்டினேன். திரும்பி வரல."

"அப்ப ஓய்கன் கைன்னு ஊரே சொல்றது?"

"என் கைதான். உன் அண்ணன் பெட்டியைத் தூக்கிட்டுப் போனான், வரும்போது பேரைத் தூக்கிட்டு வந்தான். எனக்கு வருத்தமே இல்லைன்னு சொன்னா பொய்."

"நோல்டனுக்குத் தெரியுமா?"

"ஓய்கன்னுதான் நினைச்சுக்கிட்டிருக்காரு. பொம்பள தீட்டினதுன்னா வாங்கறவன் முகத்தைச் சுளிப்பான்னு இவனுக்குப் பயம். உன் பெட்டியைப் பறிக்கணும்னு நாங்க நினைக்கல ஹூகோ. வேண்டாம்னாலும் அந்த மனுஷன் கொண்டுவந்து கொட்டுறாரு."

வேண்டாம் என்றாலும் கொட்டுகிறார். ஹூகோவுக்கு அதைத்தான் விழுங்க முடியவில்லை. முப்பது வருஷமாக அண்ணன் கையோடு போட்டி போட்டுத் தோற்றுக்கொண்டிருந்தான். அண்ணனுக்குக் கையே இல்லை. அதற்குப் பிறகுதான் கடிதம் ஞாபகம் வந்தது. சொல்லிக்கொள்ளாமல் மேல்சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

தன் நிறுத்தத்தில் இறங்கிப் பார்த்தால், தபால்பெட்டியின் வாய்க்குள் நாலு விரல்தான் போனது. மறுநாள் விடியும் முன்பே வந்து, எட்டு மணிக்குத் தபால்காரர் வரும்வரை மழையில் நின்றான்.

"அதுல ஒண்ணு என் கடுதாசி. தப்பா போட்டுட்டேன்."

"பின்னாடி உன் பேரு எழுதியிருக்கியா?"

"இல்ல."

"பேரில்லாத கடுதாசியை உன்னுதுன்னு நான் எப்படி நம்பறது?" பையை வண்டியில் வைத்துக் கதவைச் சாத்தினார். "நம்பி நம்பித்தான் எனக்கு ஒருதரம் வேலை போகப் பார்த்துச்சு."

மூன்று வாரம் கழித்து ஓய்கன் போன் செய்தான். குரலும் நடுங்கியது. "சின்னவனே, எவனோ என்னைப் பத்தி எழுதிப் போட்டிருக்கான். அலுவலகத்துல இருந்து ஆள் வந்திருக்கு. சம்பளத்தை நிறுத்திருவாங்களாம். பவுலாதான் தீட்டுறான்னு சொல்றேன், நம்ப மாட்டேங்கிறாங்க. நீ வா. முதுகைப் பார்த்துக் கை சொல்றவன் நீ. உன்னை விட்டா எனக்கு யாரு?"

வந்திருந்தது ஒரு பெண் அதிகாரி. நனைந்த காலணியோடு பின்னறையில் நின்றுகொண்டிருந்தாள். பூட்டுத் திறந்திருந்தது. ஜன்னலோரம் பவுலாவின் மஞ்சள் கல் துணியில்லாமல் இருந்தது, அதன் மேல் பால் மாதிரி கல்கரைசல். பவுலா அப்போதுதான் ஒரு கத்தி தீட்டிக் காட்டியிருந்தாள்.

"இவங்களுக்குத் தீட்டத் தெரியுதுன்னு பார்த்துட்டேன்" என்றாள் அதிகாரி. "ஆனா வியாபாரி சீட்டுல எல்லாம் இவர் பேரு இருக்கு. இன்னிக்கு இவங்க தீட்டலாம். போன மாசம் யார் தீட்டினாங்க?"

அவளும் ஒன்றையும் நம்பாதவள் என்று ஹூகோவுக்குப் புரிந்தது. பெட்டியிலிருந்து நாலு கத்தி எடுத்தான். பையிலிருந்து தன்னுடையது ஒன்று. ஜன்னலில் வைத்து முதுகைக் காட்டினான்.

"வலது கைக்காரன் தீட்டினா இந்தப் பக்கம் தேயும். இது நான். இதெல்லாம் மறுபக்கம். இடது கை. இவன் விரல் மடங்காததால அப்படின்னு நானும் முப்பது வருஷமா நினைச்சேன். மடங்காத விரலோட வலது கையில பிடிச்சா, பிடிக்குக் கிட்ட இருக்கிற இந்தக் குதிப் பக்கம் கூரே ஏறாது. இங்க பாருங்க, ஏறியிருக்கு. இது பவுலா கை. போன மாசமும் பவுலா கை, அதுக்கு முன்னாடியும் பவுலா கை."

அதிகாரி ஒவ்வொரு கத்தியையும் தானே திருப்பிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு, "இதை எழுதிக் கொடுங்க" என்று ஒரு தாளை நீட்டினாள்.

"நான் சொல்றேன், நீங்க எழுதிக்கக் கூடாதா?"

"உங்க கைப்பட இருக்கணும். இல்லாட்டி இதை நான் ஒதுக்கி வைக்கணும். விசாரணை முடியறவரைக்கும் சம்பளம் நிக்கும்."

அவளுடைய கோப்பு மேஜையில் திறந்து கிடந்தது. மேலேயே அவனுடைய நாலு வரி. நீல மை. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிவிடலாம். ஓய்கன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான், வைத்தியரைப் பார்ப்பது மாதிரி.

ஹூகோ உட்கார்ந்து எழுதினான். நாற்பது வயதுக்கு மேல் மாலைப் பள்ளியில் கற்ற எழுத்து அவனுடையது. தடித்து, இடப்பக்கம் சாய்ந்து, ஒவ்வொன்றும் தனியாக நிற்கும். அதை மாற்றி எழுத அவனுக்குத் தெரியாது. கடைசியில் பெயர் போட்டான்.

அதிகாரி தாளைக் கோப்பில் வைக்கப் போனவள் நின்றாள். மேல் தாளைப் பார்த்தாள், கீழ்த் தாளைப் பார்த்தாள், ஹூகோவைப் பார்த்தாள். கோப்பை மூடினாள். ஓய்கன் கவனிக்கவில்லை. அவளுக்குக் காப்பி கொடுக்கக் கோப்பையோடு போராடிக்கொண்டிருந்தான். பவுலா அதிகாரியின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். பவுலாவுக்குக் கண் நல்ல கண்.

ஹூகோ கிளம்பும்போது பவுலா வாசல்வரை வந்தாள்.

"நோல்டன்கிட்ட இன்னிக்கே சொல்லிடறேன். இனி சீட்டு என் பேர்ல வரும். பெட்டி மொத்தமும் எனக்கு வரும்."

"சரி."

"அவ்வளவையும் என்னால தீட்ட முடியாது. பாதி உனக்கு. திங்கட்கிழமை வந்து வாங்கிக்க. உள்ள வராத, வாசல்லயே நில்லு."

"ஓய்கன்கிட்ட…"

"நான் சொல்லமாட்டேன். நீயா சொல்லு, இல்ல வயித்துலயே வச்சுக்க."

திங்கட்கிழமை போனான். அழைப்புமணி அடித்தான். கதவு ஒரு சாண் திறந்தது, பெட்டி வந்தது, கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து ஓய்கன், "யாரு, சின்னவனா?" என்று கேட்டது காதில் விழுந்தது. பவுலா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

பெட்டி கனமாக இருந்தது. பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து திறந்தான். பத்தொன்பது கத்தி. நல்லதையெல்லாம் தனக்கு எடுத்துக்கொண்டு விரிசல் விட்டது, பல் போனது, துருவில் அரித்தது என்று பார்த்து எனக்குத் தள்ளியிருப்பாள் என்று நினைத்தான். அவன் அவளிடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வான். ஒவ்வொன்றாக மடக்கைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கூர் நெடுக நகத்தை ஓட்டிப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து முன்னால் போய்விட்டாள்.

"பெரியவரே, பஸ்ஸுல அதையெல்லாம் மடக்கி வைங்க" என்று ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஒரு நிமிஷம்" என்றான் ஹூகோ. பத்தொன்பதும் நல்ல கத்திகள். இரண்டு, அவன் இதுவரை கையில் எடுத்ததிலேயே நல்லவை. அப்படி இருக்க முடியாது. எதையோ கவனிக்காமல் விட்டிருக்கிறான். முதல் கத்தியை மறுபடி எடுத்துப் பிரித்தான்.