மூன்றாவது தலையணை

"ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுப்பாரு?"

தையல்காரிக்கு முதலில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, மூக்கில் குழாய் மாட்டியிருக்கிறார்கள். இந்த டாக்டர் பெண் என்னடாவென்றால், திரைக்கு இந்தப் பக்கம் நின்று தலையணையை விசாரிக்கிறாள்.

"மூணு. முதல்ல ஒண்ணுதான். படுத்தா மூச்சு முட்டுதுன்னாரு, ரெண்டாக்கினோம். அதுவும் பத்தலை. மூணாவது நானே தெச்சேன், நல்லா திணிச்சு." சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட எட்டிப் பார்த்தது.

"கால் வீக்கம்?"

"சாயங்காலமானா செருப்பு ஏறாது. பஸ் ஓட்டுறவரு, நாள் பூரா காலைத் தொங்கப் போட்டே உக்காந்திருக்காரு, அதான்னு நெனச்சோம். செருப்பு வாருல ஒட்டுத் துண்டு வெச்சுத் தெச்சுக் குடுத்தேன். பேன்ட் இடுப்பையும் பிரிச்சு விட்டேன். இந்த வயசுல தொப்பை கேக்குதான்னு கிண்டல் வேற பண்ணேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள்.

"எல்லாம் ஒண்ணுதாம்மா. இதயம்ங்கிறது தசை. அதுல இருக்குற செல்லெல்லாம் ஒண்ணு சேர்ந்து சுருங்குனாத்தான் ரத்தம் ஓடும். இவருக்கு அதுல நெறைய செத்துப் போச்சு. சிறுநீரகத்துக்கு வர்ற ரத்தம் கொறையவும், உடம்புல தண்ணி பத்தலைன்னு அது நெனச்சுக்கும். வெளிய விடாமப் பிடிச்சு வெச்சுக்கும். அந்தத் தண்ணிதான் காலுல, வயித்துல. படுத்தா நுரையீரல்ல."

"சரியாயிடும்ல?"

"தண்ணி வடிஞ்சிடும். செத்த செல்லு திரும்பி வராதும்மா. இனி பஸ் ஓட்ட முடியாது." தயங்கினாள். "ரெண்டாவது தலையணை வெச்சப்பவே வந்திருந்தீங்கன்னா..."

 தையல்காரி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"கேட்டுச்சா?"

"நடுவுல துணிதானே, செவுரா?" என்றார் அவர். "ஜன்னல்ல செடி வெச்சிருக்கியே, இலை பழுத்தா என்ன பண்ணுவே?"

"மண்ணைக் கிளறி வேரைப் பார்ப்பேன்."

"பார்த்தியா? செடிக்கு இலை பழுத்தா வேரைப் பார்க்குறே. எனக்குக் கால் வீங்குனா செருப்பைப் பார்த்தே."

சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவளுக்குச் சிரிக்க வரவில்லை. அழுகிய வேரை மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுகிறவள், இந்த மனுஷனைத் துண்டு துண்டாகப் பார்த்து, துண்டு துண்டாக ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது கால் வீக்கம் வடிந்திருந்தது. செருப்பு தொளதொளவென்று கழன்றது.

"ஒட்டைப் பிரிச்சு விடும்மா, தடுக்குது."

பிரித்தாள். நூல் சுலபமாக வந்துவிட்டது; வார் நெடுக ஊசி போன ஓட்டைகள் அப்படியே நின்றன. பழைய அளவுக்கு இழுத்துத் தைத்துக் கொடுத்தாள். காலை நுழைத்தவர், "கச்சிதம்" என்றார். பழக்கத்தில் சீருடை மாட்டும் ஆணிப்பக்கம் கை போனது. ஆணி மட்டும் இருந்தது.

"தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாங்க," என்றாள்.

"உனக்குத் தைக்கிற வேலை கெடக்கே?"

"கெடக்கட்டும்."

மெல்ல நடந்தார்கள். நாலு வீடு தாண்டுவதற்குள் அவள் நின்றாள்.

"மூச்சு வாங்குதா?"

"இல்லை."

இன்னும் நாலு வீடு. "இப்போ?"

"அப்பக் கேக்காம இப்பக் கேளு," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.