ரேகை முடிகிற இடம்

பளிங்குக் கடைக் கொட்டகையின் கடைசி வரிசையில் அந்தக் கல் சாய்ந்து நின்றது. முன்வரிசைக் கற்களெல்லாம் என்னை வாங்கு, என்னை வாங்கு என்று பளபளத்துக்கொண்டிருக்க, இது மட்டும் யாருக்கும் முகம் கொடுக்காமல் ஏதோ யோசனையில் இருப்பது போலிருந்தது. கடைக்காரர் குழாயை எடுத்து அதன் மேல் தண்ணீரைப் பீய்ச்சினார். தூசி வழிந்து இறங்கியது. பால் வெள்ளைக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு ரேகை எழுந்து வந்தது. ஓரத்தில் தடிமனாகப் புறப்பட்டு, மெலிந்து, ஒரு வளைவு வளைந்து, வெட்டவெளியில் இல்லாமல் போனது. முறிந்துபோகவில்லை. பனிக்குள் நடந்து போகிறவரின் முதுகு மறைவது போலக் கரைந்துபோனது.

சின்னவள் அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

பிறந்த வீட்டில் கடைசிப் பெண் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. தலை நரைக்கத் தொடங்கிய பிறகும், புகுந்த வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. கடைசியாகப் பிறந்தவளுக்கு எல்லாமே யாரோ தேர்ந்தெடுத்துத்தான் வந்து சேரும். படித்த படிப்பு, செருப்பு, படுக்கையறைச் சுவரின் வண்ணம். கேட்டால், "எதுவா இருந்தாலும் சரி" என்பாள். அது பொய்யும் இல்லை. யாராவது கேட்ட மாத்திரத்தில் அவளுடைய விருப்பம் எங்கோ போய் ஒளிந்துகொள்ளும். அவள் அதைத் தேடிப் பிடித்துக் கூட்டி வருவதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

இன்று அது ஒளியவில்லை.

"இது வேணும்," என்றாள்.

மாடியில் குடியிருக்கும் நாத்தனார் துணைக்கு வந்திருந்தார். கால் வலிக்க நின்ற எரிச்சல் அவருக்கு. "என் தம்பியக் கட்டிக்க சரின்னு சொல்லக்கூட நீ இவ்வளவு நேரம் நின்னு பாக்கல."

"என்னை யாரும் நனைச்சுக் காட்டலையேக்கா," என்றார் கூட வந்திருந்த சின்னவளின் வீட்டுக்காரர்.

"சிரிக்காதேடா. சமையல் மேடைக்கு யாராவது மார்பிள் போடுவாங்களா? கிரானைட்டுன்னா மேல ஏறி நின்னு குதிக்கலாம். இது தொட்டாச்சிணுங்கி. பக்கத்துல எலுமிச்சம்பழம் நறுக்கினாலே மூஞ்சி வாடிடும்."

"வாடாம பாத்துக்கறேன் அண்ணி."

வீட்டுக்காரர் மனைவியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் திரும்பினார்.

வெட்டுவதற்கு முன் வந்து பார்த்துவிட்டுப் போகும்படி பட்டறையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். மூவரும் போனார்கள். நின்றுகொண்டிருந்த கல்லை மேசையில் படுக்க வைத்திருந்தார்கள். படுத்த நிலையில் அது வேறாகத் தெரிந்தது, காற்றில்லாத நேரத்துக் குளம் போல. காது மடலில் சாக்குக்கட்டி செருகியிருந்த வெட்டுக்காரர் மேடையின் அளவில் வெட்டிய அட்டையை அதன் மேல் பரப்பினார். பாத்திரம் கழுவும் தொட்டிக்காக அட்டையில் ஒரு பெரிய ஓட்டை. அதன் விளிம்பைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் கோடு இழுத்தார்.

ரேகை கரைகிற இடம் சரியாக அந்த ஓட்டைக்குள் இருந்தது.

அந்த இடத்துக்காகத்தான் சின்னவள் இந்தக் கல்லைக் கேட்டாள். அது போய்விட்டால் மீதியிருப்பது ஒரு வெள்ளைக் கல், அதில் ஒரு சாம்பல் கோடு. 'எதுவா இருந்தாலும் சரி' என்ற வார்த்தைகள் பழக்கப்பட்ட நாயைப் போல நாக்கு நுனிவரை ஓடி வந்துவிட்டன. அவள் வாயை இறுக்கிக்கொண்டாள்.

"வெட்டி விழற துண்டு நமக்குத்தானே," வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். "வேணும்னா சுவத்துல மாட்டிக்கலாம்."

"துண்டா எடுத்தா அது வெறும் வெள்ளைங்க. கோடு வந்து சேர்ந்தாத்தான் அது போறது தெரியும்." தான் சொன்னது தனக்கே விசித்திரமாகப் பட்டது. ஆனாலும் வெட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டாள். "கொஞ்சம் நகர்த்திப் போட முடியாதா?"

"நகர்த்தினா அடுப்புக்குப் பக்கத்துல வரும். மஞ்சளும் எண்ணெயும் தெறிக்கும், அப்புறம் என்னைத் திட்டுவீங்க. மொத்தமா திருப்பிப் போட்டா ஜன்னல் ஓரம் வரும். ஆனா அங்க ஓவனும் தண்ணி ஃபில்டரும்னு நீங்கதானே வரைஞ்சு குடுத்தீங்க?"

அவள் அட்டையை நெடுகப் பார்த்தாள். இங்கே மிக்ஸி, இங்கே பாத்திரக்கூடை, இங்கே காய் நறுக்கும் பலகை, இங்கே டப்பாக்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருந்தது. அத்தனையும் அவளே ஒதுக்கியதுதான்.

"திருப்பிப் போடுங்க," என்றாள். "ஜன்னல் ஓரத்துல ஒண்ணும் வராது."

"ஓவன்?" என்றார் வீட்டுக்காரர்.

"ஹால்ல வெச்சுக்கலாம். ஃபில்டரைச் சுவத்துல மாட்டிக்கலாம்."

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "அவ்வளவு இடத்தைக் காலியா விட்டு என்னதான் பண்ணப் போறே?"

"நிக்கப் போறேன்."

"நிக்கறதுக்குத் தரை போதுமேம்மா, மேடை எதுக்கு?" என்றார் வெட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அட்டையின் ஒரு முனையைத் தானே தூக்கினாள். அவர் ஈரத்துணியால் கோட்டை அழித்துவிட்டு மறுமுனையைப் பிடித்தார்.

மேடை வந்து அமர்ந்த பின், கறை இறங்காமல் இருக்கப் பூசும் திரவத்தை அவளே பருத்தித் துணியில் தொட்டுத் தொட்டுப் பூசினாள். ஊறவிட்டுத் துடைத்தாள். பிறகு விரல் நுனியால் தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். துளிகள் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நின்றன. எண்ணெய்ப் புட்டிக்கு அடியில் தட்டு, புளிப்பு எதுவானாலும் பலகைக்கு மேல், சிந்தினால் அந்தக் கணமே ஈரத்துணி. குழந்தையைக் குளிப்பாட்டுவது போல மென்மையான சோப்பு நீர். இதெல்லாம் சிரமமாகவே தெரியவில்லை.

ஜன்னல் ஓரத்தைக் காப்பாற்றுவதுதான் சிரமமாக இருந்தது. காலி இடத்தைக் கண்டால் பொருட்களுக்கு எப்படித்தான் கால் முளைக்குமோ. சாவிக்கொத்து வந்தது, செல்போன் சார்ஜர் வந்தது, படித்து முடித்த செய்தித்தாள் வந்தது. அவள் எடுத்து எடுத்து வேறிடத்தில் வைத்தாள்.

"இது என்ன, அனுமதி இல்லாம நுழையக் கூடாத இடமா?" என்றார் வீட்டுக்காரர். ஆனால் அதன் பிறகு சாவியை ஆணியில் மாட்டப் பழகிக்கொண்டார்.

வேலை முடிந்ததும் அங்கே போய் நிற்பாள். குளிர்ந்த கல்லில் இரண்டு உள்ளங்கைகளையும் பதிப்பாள். ரேகையோடு கண் நடக்கும். வளைவு வரை தெரிந்த வழி. அதற்குப் பிறகு வெள்ளை. அங்கே அவள் யாருக்கும் எதுவும் இல்லை. பெயர்கூடக் கழன்று எங்கோ பின்னால் விழுந்து கிடக்கும். சில சமயம் அந்த வெள்ளைக்குள் ஒரு காலடி எடுத்து வைத்துவிட்டது போலக்கூட இருக்கும். ஜன்னல் வெளிச்சம் நகர நகர, ரேகை முடிகிற இடமும் நகர்வது போலத் தோன்றும்.

ஒரு பிற்பகல் அப்படி நின்றுகொண்டிருந்தபோது நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கதவருகே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"கொஞ்சம் நகந்துக்கோ," என்றார்.

சின்னவளுக்கு முதலில் மனம் வரவில்லை. இந்த இடத்தையுமா என்று உள்ளே ஒன்று முறைத்தது. ஓவனை ஹாலுக்குத் துரத்தி, சாவிக்கொத்தோடு மல்லுக்கட்டி வாங்கிய இடம். திரும்பிப் பார்த்தாள். நாத்தனாரின் கைகளில் எதுவும் இல்லை. கீழே இறக்கி வைக்க ஒரு கிண்ணம்கூட இல்லை. வெறும் கையோடு அவர் இந்தச் சமையலறைக்குள் வந்து அவள் பார்த்ததே இல்லை.

அவள் பாதி இடம் நகர்ந்தாள்.

இருவரின் முழங்கைகளும் உரசின. நாத்தனார் கல்லில் விரல் வைத்து ரேகையைத் தொடர்ந்தார். வளைவைத் தாண்டியதும் விரல் தயங்கியது.

"எங்கேடி போகுது இது?"

"தெரியல அண்ணி."

"தெரியாமலேயா இவ்வளவு ரகளை பண்ணினே?"

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. நாத்தனாரின் தோளும் குலுங்கியது. ஹாலிலிருந்து வீட்டுக்காரரின் குரல் கேட்டது, குடிக்கத் தண்ணீர் வேண்டுமாம்.

"இதோ வரேன்," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

இருவரும் நகரவில்லை.