வியாழனில் ஒரு கரும்புள்ளி

மனிதக் கண்ணின் வேலை இன்று மாலை ஆறரை மணியோடு முடிந்தது என்று விஞ்ஞானி அறிவித்தான். கேட்டவர் ஒருவர்தான், அவன் அக்கா. தொலைநோக்கிக்கு அடியில் படுத்துத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்த அவளும் "ம்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

விஞ்ஞானி என்பது கல்லூரியில் அவனுக்கு வைத்த பெயர். வைத்தவர்கள் பாராட்டாக வைக்கவில்லை; அவன் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான். வானியல் மன்றத்தின் தலைவர், செயலர், உறுப்பினர் எல்லாம் அவன்தான். அக்காவுக்கு லேத் பட்டறையில் வேலை. கல்லூரி மொட்டைமாடிச் சாமான் அறையின் கூரையை அறுத்துச் சக்கரம் வைத்து நகரவிட்டது அவள். கோள் நகர நகரத் தொலைநோக்கியைக் கூடவே திருப்பும் பல்சக்கரத்தைக் கடைந்ததும் அவள். அதன் வாலில் காமிராவையும், காமிராவின் வாலில் கம்ப்யூட்டரையும் கட்டியது அவன். கதவுப் பலகையில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அது அக்காவுடையது அல்ல.

அந்த அறைக்கு இன்று எட்டு மணிவரைதான் ஆயுள். வியாழன் கோளைப் பற்றி நம்பகமான பதிவு ஒன்று எட்டுக்குள் வந்தால் உங்களை ஆய்வுக்கூடமாகச் சேர்த்துக்கொள்கிறோம் என்று வானியல் சங்கம் எழுதியிருந்தது. வராவிட்டாலும், வந்தது தப்பாக இருந்தாலும், சாவி விளையாட்டுத் துறைக்கு என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். பி.டி. மாஸ்டர் டேப்பும் கையுமாக வந்து, கிரிக்கெட் வலைகளுக்கு எந்த மூலை சரிப்படும் என்று அளந்துவிட்டே போயிருந்தார்.

காமிராப் படம் அனுப்பலாம், அல்லது இருவர் தனித்தனியே கண்ணால் பார்த்து, ஒருவர் வரைந்ததை மற்றவர் பார்க்காமல் வரைந்த படங்களை அனுப்பலாம் என்றது சங்கத்தின் கடிதம். இரண்டாவது வழியைப் படித்து விஞ்ஞானி வயிறு வலிக்கச் சிரித்தான். அக்கா பென்சில் சீவினாள்.

ஏழு மணிக்கு வேலை தொடங்கியது. மேற்கே இறங்கிக்கொண்டிருந்த வியாழன், விடுதியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைய ஐம்பது நிமிடம் இருந்தது. காமிரா ஐயாயிரம் படங்களைச் சுட்டுத் தள்ளியது. காற்றின் நடுக்கத்தில் நெளிந்தவற்றைக் கம்ப்யூட்டர் கழித்துக்கட்டி, தேறியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூர்மையாக்கியது. திரையில் வியாழன் எழுந்தது. அதன் வலது ஓரத்தில், அதுவரை எந்தப் படத்திலும் இல்லாத ஒரு கரும்புள்ளி.

விஞ்ஞானிக்குத் தரையில் கால் பாவவில்லை. புதிய புயல் கண்டுபிடிக்கப்பட்டது என்று அறிக்கையைத் தட்டத் தொடங்கினான். புயலுக்கு யார் பெயர் என்பதிலும் அவனுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

அக்கா ஓரத்தில் இருந்த பழைய சின்னத் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருந்தாள். மடியில் தாள், அதில் இருமல் மருந்து மூடியைச் சுற்றிக் கீறிய வட்டம்.

"மூடியெல்லாம் எதுக்குக்கா? விண்வெளி ஆராய்ச்சியா, சளிக்கு வைத்தியமா?"

அவள் நிமிரவில்லை. "புள்ளி எதுவும் எனக்குத் தெரியலடா."

"உன் கண்ணுக்கு பேட்டரி தீர்ந்துபோச்சு."

"அவ்ளோ பெரிசா இருந்தா இந்தச் சின்னதுலயே தெரியணும். அனுப்புறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை எடு."

அவள் வாயை அடைக்க ஒரே வழி அதுதான் என்று எடுத்தான். ஏழு முப்பதுக்கு இரண்டாவது படம் வந்தது. முதல் படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். புள்ளி அச்சுப் பிசகாமல் அதே இடத்தில் இருந்தது. "இப்ப என்ன சொல்ற?" என்று அக்காவிடம் திரும்பியவன் மறுபடி திரைக்கே திரும்பினான்.

வியாழன் பத்து மணி நேரத்தில் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிவிடும். அரை மணியில் அதன் முகத்தில் உள்ள எதுவும் கண்ணுக்குத் தெரிகிற அளவு நகர்ந்தே ஆக வேண்டும். இது நகரவில்லை. வியாழனில் இல்லாத ஒன்றுதான் வியாழனோடு சேர்ந்து சுற்றாமல் நிற்க முடியும்.

தூசி. காமிராவுக்குள் படம் பதியும் சில்லில் ஒரே ஒரு தூசி. தொலைநோக்கியைத் திருப்பும் பல்சக்கரம் கொஞ்சம் தடுமாறியிருந்தால் படத்துக்குப் படம் இடம் மாறிக் கரைந்து போயிருக்கும். அக்காவின் சக்கரம் மயிரிழையும் பிசகாததால், ஐயாயிரம் படத்திலும் ஒரே இடத்தில் குந்தி, கூர்மையாக்கியதில் புயலாகிவிட்டது.

அறிக்கை திரையில் தயாராக இருந்தது. விரல் அனுப்பும் பொத்தானின் மேல் இருந்தது. மணி ஏழு முப்பத்தாறு. சில்லைக் கழற்றித் துடைத்து, மறுபடி கோளைப் பிடித்துக் கூர்மை பார்க்கக் குறைந்தது அரை மணி வேண்டும். தொட்டி மறைக்கப் பதினான்கு நிமிடம்தான்.

அவன் முகம் வெளுத்ததை அக்கா பார்த்தாள். எழுந்து முக்காலியை ஒரு சாண் தள்ளி வைத்தாள். வியாழனை வரைந்து முடித்திருந்த தன் தாளைக் கவிழ்த்து அதன்மேல் ஸ்பேனரை வைத்தாள், காற்றில் புரளாமல் இருக்கவும், அவன் பார்க்காமல் இருக்கவும்.

விஞ்ஞானி அறிக்கையை அழித்தான். முதலில் புயல் போனது, பிறகு அதன் பெயர் போனது. முக்காலியில் உட்கார்ந்து, யாருக்கும் எதையும் அறிவிக்காமல், குனிந்து சின்னத் தொலைநோக்கியில் கண்ணை வைத்தான். முதலில் நடுக்கம் மட்டும் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக் காத்திருந்தான். ஒரு நொடி காற்று அடங்கியது. பட்டைகள் தெரிந்தன, ஒன்றின் விளிம்பில் சின்னதாக ஒரு பள்ளம். மறுபடி நெளிந்தது. மறுபடி காத்திருந்தான்.

கண்ணை எடுக்காமலே இடது கையால் தரையைத் தடவினான். அக்கா இருமல் மருந்து மூடியை அவன் விரலுக்கு எட்டும்படி நகர்த்திவிட்டாள்.