உள்வட்டத்தில் இறங்கியவள்

கடத்தூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அந்த வாரம் யாரும் ஒழுங்காக டைப் அடிக்கவில்லை. இன்ஸ்டிட்யூட் நடத்தும் வெங்கடாசலம் சாரின் சகலை பச்சியப்பன், பெங்களூரிலிருந்து லீவுக்கு வரும்போது ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டு வந்திருந்தார். நோட்டுப் புத்தக அளவில் ஒரு பெட்டி, அதன்மேல் ரப்பர் பொத்தான்கள், அவ்வளவுதான். அதை டி.வி.யில் மாட்டி, டேப் ரெக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டால், ஐந்து நிமிடம் கீச்சுகீச்சென்று கத்திவிட்டு ஆட்டம் தொடங்கும், பூமி வரும்.

பூமி என்றால் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை வட்டம். அதைச் சுற்றி ஒரு புள்ளி ஓடும். அது விண்வெளி நிலையத்தின் முதல் துண்டு. மற்ற மூன்று துண்டுகளை நாம் ஒவ்வொன்றாக ராக்கெட்டில் அனுப்பி, ஓடிக்கொண்டிருக்கிற அந்தத் துண்டோடு ஒட்ட வைக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஒட்டியதெல்லாம் போய்விடும்.

ஆறு நாளாக ஒருவராலும் இரண்டாவது துண்டைக்கூட ஒட்ட முடியவில்லை. சனிக்கிழமை பன்னிரண்டு மணி பஸ்ஸில் பச்சியப்பன் கம்ப்யூட்டரோடு கிளம்புகிறார்.

"நாலும் சேந்தா எப்பிடி இருக்கும்னு ஒரே ஒரு தடவ பாத்துரணும்டி" என்று மிக்கேலம்மாள் அக்கா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவள் ஹையர் பரீட்சைக்குப் படிப்பவள். நான் அங்கே மிஷின்களைத் துடைத்து எண்ணெய் விடுபவள்.

சனிக்கிழமை காலையில் அவள் வரும்போதே தலையெல்லாம் ராகித் தூசி. அவள் வீட்டில் அன்று தாம்பு ஓட்டினார்கள். களத்தில் கதிரைப் பரப்பி, மாடுகளை வட்டமாக நடக்கவிட்டு மிதிக்க வைக்கிற வேலை. அதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

டைப் படிக்க வரும் தர்மன் அண்ணன் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். பி.எஸ்சி. முடித்தவர் என்பதால் முதல் உரிமை அவருக்கு. அவருடைய துண்டு நிலையத்துக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. எட்டிப் பிடிக்க முன்பக்கமாக இன்ஜினை அழுத்தினார். துண்டு வெளிப்பக்கம் விலகிப் பெரிய வட்டம் போட்டது, இன்னும் பின்தங்கியது. மறுபடி அழுத்தினார். எரிபொருள் தீர்ந்துவிட்டது.

"கேசட்டே கோளாறுங்க சார்" என்றார்.

"ஆறு நாளா கேசட்டத்தான் திட்டற" என்று சிரித்தார் பச்சியப்பன்.

"நான் ஒருக்கா பாக்கட்டுங்களா?" என்றாள் அக்கா.

"நீ கூடவா? மொதல்ல தலையில இருக்கற வைக்கோல எடும்மா, ராக்கெட்டு தீப்புடிச்சுக்கும்" என்றார் தர்மன்.

"நீங்க வுட்ட ராக்கெட்டவிட இது பத்தரமாத்தான் இருக்குதுங்கண்ணா. எந்திரிங்க."

புதிதாக ஆட்டத்தைத் தொடங்கி, இரண்டாவது துண்டை மேலே கொண்டுபோனாள். நிலையம் முன்னால், இவள் பின்னால். அங்கே துண்டைத் திருப்பி, பின்னோக்கி இன்ஜினைத் தட்டினாள். எல்லாரும் கத்தினோம்.

"பிரேக் புடிக்கறியே! பஸ்ஸு முன்னால போவுது, நீ பிரேக் புடிக்கற!" என்றார் தர்மன்.

"கம்முனு இருங்கண்ணா. களத்துல வெளிப்பக்கம் போற மாட்ட வெளிப்பக்கமா ஓடியா புடிப்பாங்க? உள்ளார எறங்கி நடந்தா அதுக்கு முன்னாடியே போயி நிக்கலாம். நீங்க அழுத்த அழுத்த வெளிவட்டத்துக்குத்தான் போறீங்க. ஆறு நாளா பாத்துக்கிட்டுத்தான இருக்கறேன்."

அவள் துண்டு பூமியை நெருங்கிச் சின்ன வட்டத்தில் இறங்கியது. அங்கே அதன் வேகமும் கூடியது. ஒரே சுற்றில் நிலையத்துக்கு நேர் கீழே வந்துவிட்டது. அதற்குக் கொஞ்சம் முன்பாகவே அவள் முன்பக்கம் தட்டத் தொடங்கியிருந்தாள். துண்டு வெளியே ஏறியது. இரண்டு புள்ளிகளும் பக்கத்தில் வந்தன. பிறகு இரண்டும் ஒன்றாயின.

தர்மன் அண்ணன் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது துண்டு ஒட்டும்போது பதினொன்று நாற்பது. பச்சியப்பன் துணிகளைப் பையில் அடைத்துவிட்டு வந்து, "போதும்மா, பஸ்ஸு வந்துரும்" என்றார்.

"ஒண்ணே ஒண்ணுங்க."

நான்காவது துண்டில் அவள் கொஞ்சம் தாமதமாக ஏறிவிட்டாள். துண்டு நிலையத்தைத் தாண்டி முன்னால் போய்விட்டது. எரிபொருள் கோடு நகத்தளவுதான் மிச்சம்.

"இப்ப என்னம்மா பண்ணுவ?" என்றார் தர்மன். அந்தக் குரலில் கேலி இல்லை.

"இப்பத்தாங்க நீங்க பண்ணுனதப் பண்ணணும்" என்று சொல்லி முன்பக்கம் ஒரே ஒரு தட்டு தட்டினாள். துண்டு வெளிவட்டத்துக்குப் போய்ப் பின்தங்கியது. அவர் ஆறு நாளாகச் செய்த தப்பை அவள் வேண்டுமென்றே செய்து நிலையத்தைப் பக்கத்தில் வரவிட்டாள். கைவிரல் ரப்பரைத் தொட்டதும் எடுத்ததும் எனக்குத் தெரியவில்லை. ஒட்டிக்கொண்டது.

நிலையம் முடிந்தது என்று திரையில் இங்கிலீஷில் எழுத்து வந்தது. பூமியைப் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி படம் மாறி, புள்ளி இருந்த இடத்தில் சிலுவைபோல நான்கு கைகள் நீட்டிய உருவம் தெரிந்தது. பச்சியப்பன் ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஒரு சுத்து மட்டும் பாத்துக்கறனுங்க" என்றாள் அக்கா.

அவர் மணியைப் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்தார். "தருமபுரி போனா வேற பஸ்ஸு இல்லாமயா போவும்."

நிலையம் மெதுவாகப் போய்ப் பூமிக்குப் பின்னால் மறைந்தது. அக்கா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். இனி தட்டுவதற்கு ஒன்றுமில்லை.

"வந்துருச்சு" என்று முதலில் சொன்னவர் தர்மன் அண்ணன். அந்தப் பக்கத்திலிருந்து அது முழுதாக வெளியே வந்துகொண்டிருந்தது.