வெள்ளைக் கோடு போட்ட டயர்

டயர் விஷயத்தில் ரூபினியிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் ஜார்ஜ்டவுனில் அநேகமாக இல்லை. சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவளும் கணவன் ஷர்வினும் மோட்டார் சைக்கிள் டயர் பட்டறை வைத்திருந்தார்கள். அங்கே வருகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது திட்டு, அப்புறம்தான் டயர். மொழுமொழுவென்று தேய்ந்த டயரோடு ஒருவர் வந்து நின்றால் போதும். "இதுல ஏறி வீட்டுக்குப் போறீங்களா, இல்ல நேரா மேலயே போறீங்களா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவாள். அப்படிக் கேட்கிற உரிமை தனக்கு இருப்பதாக அவளுக்கு ஒரு நினைப்பு. கொஞ்சம் கர்வம் என்றே வையுங்களேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை மாட்டிக்கொண்டவர் யூசுப். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் குழம்பு ஊற்றுகிறவர். அவருக்குப் பின்னால் தலையைச் சுற்றி வெள்ளைத் தூடோங்கும் கையில் ஒரு கோப்புமாக மகள் ஷாஹிரா நின்றாள். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு மணிக்கு அவளுக்கு நேர்காணல். பட்டம் வாங்கி எட்டு மாதம் கழித்து வந்த முதல் அழைப்பு.

"தங்கச்சி, பின் டயர் லேசா வழுக்குது. பழசு ஏதும் கெடந்தா போட்டு வுடு. ஜும்மா தொழுகைக்குள்ள திரும்பணும்" என்றார் யூசுப்.

"பழசா? அண்ணே, இங்க பாருங்க." ரூபினி குனிந்து, டயரின் பள்ளத்துக்குள் விரலை வைத்துக் காட்டினாள். "இந்தக் குட்டி மேடு தெரியுதா? டயர் தேஞ்சு இதுக்குச் சமமா வந்தாலே மாத்தணும். ஒங்களுது மேட்டையும் தாண்டித் தேஞ்சு போச்சு. மழத்தண்ணி ஓட வழியில்ல. பொம்பளப் புள்ளய ஏத்திக்கிட்டு இதுலயா கடலைத் தாண்டுறீங்க?"

"ஆரம்பிச்சிட்டியா லா" என்று யூசுப் தலையைச் சொறிந்தார். ஷாஹிரா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

புது டயர்கள் சுவரோரம் வரிசையாக அடுக்கியிருந்தன. முந்தாநாள்தான் ஆயுத பூஜை. சுத்தியல், காற்றடிக்கும் இயந்திரம், கல்லாப்பெட்டி என்று எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் இன்னும் காயாத மாதிரி பளிச்சென்று இருந்தன. ஒவ்வொரு டயருக்கும் பக்கவாட்டில் ஒரு பொட்டு. ரூபினி ஒரு பூஜையை எடுத்தால் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. அன்று விடிகாலையில் எழுந்து, டயர் டயராக ஈரத்துணியால் துடைத்து, ஒழுங்காக அடுக்கி, பொட்டு வைத்து, நல்ல நாளாயிற்றே என்று தன் மோட்டாருக்கும் புதிதாக ஒன்றை மாட்டிக்கொண்டுதான் சூடம் ஏற்றினாள்.

யூசுப்பின் அளவில் இரண்டு டயர்கள் இருந்தன. மேலே இருந்ததை உருவி எடுத்தாள். வழக்கமாக டயரைத் திருப்பி, அது எந்த வாரம் எந்த வருடம் செய்தது என்று சொல்லும் நான்கு எண்களை வாடிக்கையாளரிடம் காட்டுவாள். அன்று காட்டவில்லை. யூசுப் நிமிடத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி கும்பிட்ட டயரு, தொடைச்சுக் குடுக்கவா?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும், இருக்கட்டும். ஒங்க பூச ஒரு பக்கம், எங்க துவா ஒரு பக்கம். இன்டர்வியூ பாஸாகாமப் போயிடுமா?"

இருபது நிமிடத்தில் மாட்டிக் கொடுத்தாள். மோட்டார் சந்து முனையில் திரும்பும்போது ஷாஹிரா கையசைத்தாள். மணி பத்து.

பத்தேகாலுக்கு ஷர்வின் கூப்பிட்டான். சரக்கு எடுக்கச் சுங்கை பட்டாணி போயிருந்தான்.

"ரூபி, மத்தியானம் ஏஜென்ட் வருவான். அந்த வெள்ளைக் கோடு போட்ட டயரை எடுத்து வாசல்ல வை. திருப்பிக் குடுக்கணும்."

"எந்த வெள்ளைக் கோடு?"

"சுவத்துல தனியாச் சாத்தி வச்சிருந்தேனே லா. சாக்பீஸால பெருக்கல் குறி போட்டிருப்பேன். போன வாரம் ஒருத்தருக்கு மாட்டிக் குடுத்தேன், கொஞ்சம் ஓட்டினதுமே பக்கத்துல புஸ்ஸுன்னு பொடைச்சுக்கிச்சு. உள்ள நூலு அறுந்திருக்கு. பழைய சரக்கைப் புதுசோட கலந்து அனுப்பிட்டான். காத்தை எறக்கிட்டா ஒண்ணும் தெரியாது, நல்ல டயர் மாதிரியே இருக்கும். ஆனா ஓடிச் சூடேறுச்சுன்னா வெடிச்சிடும்."

ரூபினி சுவரைப் பார்த்தாள். தனியாக எதுவும் இல்லை. எல்லாம் வரிசையாக, அழகாக, பொட்டோடு அடுக்கியிருந்தன. சாக்பீஸ் கோடு! ஏதோ கிறுக்கல் என்று நினைத்து, அவள் கையாலேயே, ஈரத்துணியால், அழுத்தித் துடைத்தது நினைவுக்கு வந்தது. துடைத்துவிட்டுப் பொட்டும் வைத்தாளே பாவி!

"நம்பர் என்னா?" குரல் அவளுடையதாகவே இல்லை.

"பதினாறு இருபது. இருபதாம் வருசத்துச் சரக்கு. என்னாச்சு ரூபி?"

அந்த அளவில் அடுக்கில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். பாய்ந்து போய் அதைத் திருப்பினாள். முப்பத்தொன்று இருபத்துநாலு. நல்லது. பூஜைக்குப் பிறகு அந்த அளவில் விற்றது ஒன்றே ஒன்று. அதுவும் இப்போதுதான், கால் மணி நேரத்துக்கு முன்னால்.

"யூசுப் அண்ணனுக்குப் போட்டுட்டேன்" என்றாள். "புள்ளைய வச்சுக்கிட்டுப் பிறைக்குப் போறாரு."

"போன் போடு, உடனே போடு" என்று மறுமுனையில் ஷர்வின் கத்தினான்.

நான்கு தடவை போட்டாள். நான்கு தடவையும் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மழை மூட்டமாக இருந்தால் யூசுப் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இருக்கைக்கு அடியில் வைத்துவிடுவார். வானம் கறுத்துக்கொண்டு கிடந்தது. ரூபினி பட்டறைக் கதவைக்கூட இறக்கவில்லை. மோட்டாரை உதைத்துக் கிளப்பினாள்.

யூசுப் எப்போதும் ஃபெரியில்தான் போவார். கப்பலில் ஏறிவிட்டால் இருபது நிமிடம் டயர் சும்மா நிற்கும். அதே கப்பலில் தானும் ஏறிக்கொண்டால் அக்கரையில் இறங்குமுன் பிடித்துவிடலாம். அந்த ஒரு நம்பிக்கையோடு துறைக்குப் பறந்தாள். ஆனால் ஃபெரி அப்போதுதான் கரையை விட்டு விலகிக்கொண்டிருந்தது. டிக்கெட் தடுப்பருகே நின்றிருந்த காவலரிடம் மூச்சு வாங்க விசாரித்தாள். வெள்ளைத் தூடோங் போட்ட பெண்ணும், தாடி வைத்த அப்பாவும்.

"அவங்களா? அந்தப் புள்ள லேட்டாச்சு லேட்டாச்சுன்னு அழுவாத கொற" என்றார் அவர். "வரிசையைப் பாத்துட்டு ஜம்பத்தான்லயே போயிடலாம்னு திரும்பிட்டாங்க. பத்து நிமிசம் இருக்கும்."

ஜம்பத்தான்! பதின்மூன்று கிலோமீட்டர் பாலம். இடது ஓரத்தில் மோட்டார்களுக்கு ஒரு ஒடுங்கிய பாதை, பக்கத்திலேயே வீடு உயரத்துக்கு லாரிகள், கீழே கடல். டயர் வெடித்தால் மோட்டார் எந்தப் பக்கம் சாயும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து தொலைத்ததுதான் சங்கடம். தெரியாதவளாக இருந்திருந்தால் சாமியே என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பட்டறையிலேயே உட்கார்ந்திருப்பாள்.

பாலத்தில் ஏறும்போது தூறல் ஆரம்பித்தது. காற்று பக்கவாட்டில் வந்து அறைந்தது. எண்பதில் போனாள். பிறகு தொண்ணூறு. அந்தச் சின்னக் கப்சாய் மோட்டார் ஜென்மத்தில் அந்த வேகத்தைப் பார்த்ததில்லை. பின்பக்கம் மெல்லத் துள்ளியது, ஒரே தாளத்தில், தத்தித் தத்தி. காற்றுதான் என்று நினைத்தாள். பாலத்து இணைப்புகள் என்று நினைத்தாள். காலையில் மகள் காமினியைப் பள்ளியில் விடப் போகும்போதும் அவள் இதைத்தான் சொல்லிச் சிணுங்கினாள். "அம்மா, பின்னாடி குதிக்குதும்மா, நேத்தும் குதிச்சிச்சு" என்றாள். "ரோடு அப்படி. ஒழுங்கா உக்காரு" என்று ரூபினி ஒரு அதட்டு அதட்டியிருந்தாள். இப்போதா அதை நினைக்க நேரம்? எதிரே ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டு போனாள். எங்கேயாவது ஒரு வெள்ளைத் தூடோங்.

'ஐயோ, அந்தப் புள்ள அப்பன் இடுப்பைக்கூடப் பிடிக்காது. ரெண்டு கையாலயும் கோப்பைத்தான் கட்டிக்கிட்டு இருக்கும்.'

நடுப்பாலத்தில் பாதை அடைத்துக்கொண்டு நின்றது. நான்கைந்து மோட்டார்கள், விளக்குகள் விட்டு விட்டு எரிய. ஆட்கள் இறங்கி நின்றார்கள். யாரோ தரையில் குனிந்திருந்தார்கள். ரூபினியின் கைகள் தாமாகவே பிரேக்கை அழுத்தின. பின்சக்கரம் ஒரு முழம் வழுக்கிப் போய் நின்றது. உட்கார்ந்தபடியே கூட்டத்துக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். 'யூசுப் அண்ணே' என்று கூப்பிட்டாள்.

குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். ஒரு சீனத் தாத்தா. அவருடைய மழைக்கோட்டு சங்கிலியில் சிக்கிக்கொண்டிருந்தது. அதை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். "மெல்லப் போம்மா, லிச்சின்" என்று ஒரு தமிழ்ப் பையன் அவளிடம் சொன்னான். பாதை வழுக்குதாம். அவளுக்கே சொல்கிறான்! வேறு நாளாக இருந்தால் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். அன்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு மறுபடி முடுக்கினாள்.

பாலம் முடிந்தது. பிறையின் புகைபோக்கிகள் தெரிந்தன. வழியில் எங்கும் யாரும் விழுந்து கிடக்கவில்லை, எங்கும் இரத்தம் இல்லை. ஆனால் இதற்கப்புறமும் சாலை இருக்கிறதே, கொள்கலன் லாரிகள் சாரி சாரியாகப் போகிற சாலை. ஒவ்வொரு சந்திப்பிலும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் அந்தத் தொழிற்சாலை வாசலில், காவல் கூண்டுக்கு எதிரே ஒரு மரத்தடியில், யூசுப் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு நின்றார்.

"என்னா தங்கச்சி, என் பின்னாடியே வந்துட்ட போல! சாமான் ஏதும் வுட்டுட்டேனா?"

ரூபினி மோட்டாரை அவருடையதற்குப் பக்கத்தில் நிறுத்தினாள். ஈரத் தரையில் மண்டியிட்டு அவருடைய பின்சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். தடவித் தடவிப் பார்த்தாள். எங்கும் புடைப்பு இல்லை. விரலால் சேற்றை வழித்து எண்ணைத் தேடினாள். கண்ணீரில் எழுத்து கலங்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

முப்பத்தொன்று இருபத்துநாலு.

இன்னொரு தடவை படித்தாள். வாய்விட்டுப் படித்தாள். முப்பத்தொன்று, இருபத்துநாலு. நல்ல டயர்! யூசுப்பைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் அவருக்கே பயம் வந்திருக்க வேண்டும். "ஒண்ணும் இல்லண்ணே, ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல, தப்பான டயரைக் குடுத்திட்டேன்னு ஓடி வந்தேன், நல்லதைத்தான் குடுத்திருக்கேன்" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். "ஷாஹிரா எங்க?"

"உள்ள போயிட்டா, அல்ஹம்துலில்லாஹ். அஞ்சு நிமிசம் முன்னாடியே போயிட்டா." யூசுப் குனிந்து அவளுக்குக் கை கொடுத்து எழுப்பினார். எழுப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்வை ரூபினியின் மோட்டார் மேல் இருந்தது. "தங்கச்சி, இது என்னா?"

அவளுடைய பின் டயரின் பக்கவாட்டில் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது. ரப்பர் விண்ணென்று இழுபட்டு விரிசல் விட்டு, உள்ளே வெள்ளை நூல்கள் தெரிந்தன. அந்தப் புடைப்புக்கு மேலேயே சந்தனமும் குங்குமமும் இருந்தன, மழையில் பாதி கரைந்து.

அவள் எண்ணைத் தேடிப் படிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் படித்தாள். பதினாறு இருபது, பூஜையன்று அவளே மாட்டிக்கொண்டது.

"இதுலயா ஜம்பத்தான் தாண்டி வந்தே?" யூசுப் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "யா அல்லாஹ். இன்னொரு மைல் தாங்காதே இது."

ரூபினி நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். பாலத்தில் தொண்ணூறில் வந்தபோது பின்பக்கம் மெல்லத் துள்ளியது நினைவுக்கு வந்தது. ஒரே தாளத்தில், தத்தித் தத்தி. நேற்றுக் காலை, நேற்று மத்தியானம், இன்றைக்குக் காலை. முதுகோடு ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி இரண்டு சின்னக் கைகள்.

கைப்பையில் போன் அடித்தது. ஷர்வின்தான்.

"பிடிச்சிட்டியா? ரூபி, பேசு லா. யூசுப் அண்ணன் நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்காரு. அவருக்குப் போட்டது நல்ல டயர்."

"அப்பாடா!" ஷர்வின் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத மாதிரி ஒரு சத்தம் போட்டான். பிறகு அவனுக்கும் கணக்கு உதைத்தது. "அப்போ அந்தப் பதினாறு இருபது? அதை எந்த வண்டியில மாட்டுன?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று தாண்டியிருந்தது. ஒன்றரைக்குப் பள்ளி விடும். காமினி வாசலில் பையோடு நின்றுகொண்டிருப்பாள்.

"பின்னாடி குதிக்குதுன்னு சொன்னா" என்றாள் ரூபினி. "ரெண்டு நாளா சொன்னா. நான்தான் ஒழுங்கா உக்காருன்னு அதட்டினேன்."