நீலத்துக்குச் சாம்பல்

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து நான்கு மாதம் ஆகிறது. இடுப்பில் தகடு வைத்தார்கள், தையல் பிரித்தார்கள், படம் எடுத்துப் பார்த்து எலும்பு சேர்ந்துவிட்டது என்றும் சொல்லிவிட்டார்கள். அப்பாதான் நடக்கவில்லை. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில். உடற்பயிற்சி சொல்லித்தர வரும் பெண் ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"எலும்புல ஒண்ணும் இல்லக்கா. பயம்தான். இன்னும் ரெண்டு மாசம் இப்படியே உக்காந்துட்டாருன்னா, அப்புறம் அவரே நெனச்சாலும் நடக்க முடியாது."

கெஞ்சினோம், கொஞ்சினோம், மிரட்டினோம். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்பார்கள். இந்த மாடு எதற்கும் மசியவில்லை. பெற்ற தகப்பனை மாடு என்றதற்கு அம்மா என்னை முறைத்தாள். அப்போதுதான் எனக்குக் காரின் ஞாபகம் வந்தது.

அப்பா தையல்காரர். கோட்டு தைப்பதில் கைராசிக்காரர் என்று பெயர். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது அந்தக் காரை வாங்கினார். ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டி முடித்த வண்டி. உடம்பு நீலம். பம்பர், கதவோரப் பட்டை, சக்கரத்துக்கு மேலிருக்கும் விளிம்பு எல்லாம் சாம்பல். பானெட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், நிறத்தைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார்.

"நீலத்துக்குச் சாம்பல்! கோட்டுக்குக் கால்சட்டை எடுத்த மாதிரி இல்ல? துணி தெரிஞ்சவன் எவனோதான் இந்த வண்டியச் செஞ்சிருக்கான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். கடையில் மிஞ்சிய சாம்பல் துணியில் இருக்கைகளுக்கு உறை தைத்தார், அதுவும் இரட்டைத் தையல் போட்டு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

எங்களுக்கும் அது பொன்குஞ்சுதான். பள்ளி விட்டு வெளியே வந்தால் வாசலில் வண்டிகள் அடைத்து நிற்கும். அந்தக் கூட்டத்தில் சாம்பல் வாயோடு நிற்பது ஒன்றே ஒன்றுதான். மழை நாளில் எல்லா வண்டியும் ஒரே மாதிரி மங்கித் தெரியும்போதுகூட அந்த வாயைப் பார்த்துவிட்டால் எனக்கு வீடு வந்துவிட்ட மாதிரி இருக்கும். பின்னிருக்கைக் கொக்கியில் யாருக்கோ தைத்த கோட்டு ஒன்று ஆடிக்கொண்டிருக்கும். அதன் கை என் கன்னத்தில் உரசும். புதுத் துணி வாசனையும் பெட்ரோல் வாசனையும் கலந்து அடிக்கும். அந்த நாட்கள் திரும்பக் கிடைக்குமென்றால் நான் எதையும் கொடுப்பேன்.

இப்போது அந்தக் கார் வீட்டுப் பக்கத்துச் சுவரோரம் வெயிலில் நிற்கிறது. சாம்பல் பட்டையெல்லாம் வெளுத்து, திட்டுத் திட்டாகச் சுண்ணாம்பு பூத்துக் கிடந்தது. அதைப் பழையபடி ஆக்கிக் காட்டினால், 'ஒரு சுற்று போய் வரலாம்' என்று மனிதர் தானாக எழுந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். காரை எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போய்ச் சாம்பல் நிறத்தில் பட்டைக்குப் பூசுகிற மருந்து கேட்டேன்.

கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து சிரித்தார். "இந்த வண்டி சாம்பல் பட்டையோட வந்ததே இல்லம்மா."

"முப்பது வருஷமா எங்க வீட்டு வண்டிங்க இது. எனக்குத் தெரியாதா?" என்று எகிறினேன்.

அவர் பின்பக்கத்து எண் பலகையின் இரண்டு திருகாணிகளைக் கழற்றினார். வெயிலே படாத அந்த இடத்தில் பிளாஸ்டிக் கன்னங்கரேலென்று இருந்தது. கூர்ந்து பார்க்கப் பார்க்க எனக்கு முகம் சுருங்கியது. நாங்கள் வாங்கும்போதே அது வெளுத்த வண்டி. அப்பா முப்பது வருடமாகப் பெருமைப்பட்டது ஒரு சாயம் போன பம்பரைப் பார்த்து.

ஆனாலும் அசல் அசல்தானே? கறுப்பு மருந்தையே வாங்கி வந்தேன். சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை முக்கித் தேய்த்தேன். பால் மாதிரி அழுக்கு வழிந்தது. நன்றாகக் காயவிட்டு, நீலத்தில் படாமல் ஓரமெல்லாம் காகித டேப் ஒட்டி, பஞ்சில் தொட்டுத் தொட்டுப் பூசினேன். ஒவ்வொரு சாணாகக் கறுப்பு திரும்பியது. இரண்டு நாள், முதுகு விட்டுப்போனது. முன்பக்கமும் பின்பக்கமும் வீட்டைப் பார்த்த இடப்பக்கமும் முடிந்தபோது மருந்து தீர்ந்துவிட்டது. சுவரைப் பார்த்த வலப்பக்கத்தை அப்படியே விட்டேன். யார் பார்க்கப்போகிறார்கள்?

காலையில் அப்பாவை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போய்க் காரின் முன்னால் நிறுத்தினேன். அம்மாவும் கூட வந்தாள்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். "யாரு வண்டி இது?"

"நம்ம வண்டிதாம்பா."

"நம்ம வண்டி சாம்பல்."

"இல்லப்பா. கறுப்புதான் அசல். நாம வாங்கறப்பவே வெளுத்துப் போயிருந்திருக்கு. நான் கண்ணால பாத்தேன்."

அவர் முகத்தில் எதுவோ இறங்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. சொல்லியிருக்கவே கூடாது.

"வெளுத்துப் போச்சா? எனக்குத் துணி தெரியாதா, நிறம் தெரியாதா?" குரல் ஏறியது. "நீலத்துக்குக் கறுப்பு எவனாவது போடுவானா? ஓட்டல் வாசல்ல கதவு தெறக்கறவனுக்குத் தெச்ச உடுப்பு மாதிரி இருக்கு. நல்லா இருந்த வண்டியப் பாழாக்கிட்டியேடி!"

"ஏங்க, பாவம் அவ, ரெண்டு நாளா வெயில்ல கெடந்து..." என்றாள் அம்மா.

"யாரு கெடக்கச் சொன்னா? அந்தப் பக்கமும் இதே கூத்துதானா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கையில் கறுப்பு, முதுகில் வலி, கிடைத்ததோ வசவு.

"வேணும்னா நீங்களே போய்ப் பாருங்க!"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது உறைத்தது. நடக்க முடியாதவரிடம் பேசுகிற பேச்சா அது? அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்தேன்.

அப்பா நாற்காலியின் கைகளை ஊன்றினார். எழுந்தார். ஒரு கையை பானெட்டின்மேல் வைத்தார். தாங்கிப் பிடிக்க ஓடிய அம்மாவின் மணிக்கட்டை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்பா ஒரு அடி வைத்தார். "கழுதைக்கு வயசு முப்பத்தேழு." இன்னொரு அடி. "ஒரு வார்த்தை கேட்டிச்சா? கேக்கல." பானெட்டைத் தடவிக்கொண்டே முன்பக்கத்தைச் சுற்றினார். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஓர் ஆள் நுழைகிற சந்து. அதில் நுழைந்து, திட்டிக்கொண்டே, பின்கதவு வரைக்கும் போய் நின்றார்.

திட்டு நின்றது. நாங்கள் சந்தின் வாயிலிருந்து எட்டிப் பார்த்தோம். அவர் குனிந்து கதவோரப் பட்டையை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார், தைத்து முடித்த கோட்டின் தோளை நீவுவாரே, அதே மாதிரி.

"இந்தப் பக்கத்துல கை வெச்ச, தொலைச்சுடுவேன்" என்றார் கடைசியில். கோபம் பாதியாகியிருந்தது.

"வைக்கலப்பா."

திருப்தியாகி, உட்கார்வதற்காகக் கையைப் பின்னால் விட்டுத் துழாவினார். சுவர்தான் தட்டுப்பட்டது. திரும்பிப் பார்த்தார்.

"நாற்காலி எங்கடி?"

"இங்க இருக்குப்பா. இந்தப் பக்கம்."

அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு வண்டியின் நீளத்தைப் பார்த்தார்.

"அப்ப என்னைய யாரு இங்க கொண்டாந்து விட்டது?"

அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

"உங்க காலுதாங்க."